வாயுவின் தடம்: நோயாளியின் மூச்சிலும் கோள்களின் வளிமண்டலத்திலும் எதை நம்பலாம்?

வைகைக்கரை:

கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில், மூச்சுக்காற்றைக் கொண்டு நோயறியும் ஆய்வுகளையும் பிற கோள்களின் வளிமண்டலம் பற்றிய ஆய்வுகளையும் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நாளிதழ்கள் இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத துறைகளாகவே எழுதுகின்றன. ஆனால் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய சில அலைநீளங்களில் மட்டும் கதிரை உறிஞ்சும், எந்த அலைநீளத்தில் ஒளி குறைந்திருக்கிறது என்று பார்த்து, நடுவே நிற்பது எந்த வாயு என்று சொல்லலாம்.

கார்பன் டையாக்சைடு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரை மிக வலுவாக உறிஞ்சுகிறது. அறுவை அரங்கில் மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் மூச்சை அளக்கும் கேப்னோகிராஃப் கருவி இந்த உறிஞ்சலைத்தான் பயன்படுத்துகிறது. ஏறத்தாழ 700 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள வாஸ்ப்-39பி என்ற கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடந்து சென்றதை 2022 ஜூலை 10 அன்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்தது. கோள் மறைத்த ஒளியின் அளவைக் காட்டும் அந்த நிறமாலையிலும் 4.1 முதல் 4.6 மைக்ரோமீட்டர் வரை இதே பட்டைதான் மேடாக எழுந்து நின்றது. சனியின் நிறைக்கு ஒப்பான நிறையும் 900 டிகிரி செல்சியஸ் வெப்பமும் கொண்ட அந்தக் கோளில் கார்பன் டையாக்சைடு இருப்பது 26 சிக்மா உறுதியுடன் (சிக்மா என்பது தற்செயலுக்கு எவ்வளவு இடமில்லை என்பதைச் சொல்லும் அளவு) அறிவிக்கப்பட்டது. இந்த அறிவியலின் தொடக்கமும் பொதுவானதே. 1859இல் லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதை அளக்கத் தொடங்கிய ஜான் டிண்டால், பின்னர் அதே முறையால் மனித மூச்சில் உள்ள கார்பன் டையாக்சைடையும் அளக்கலாம் என்று காட்டினார்.

இந்த இழையில் ஒரு கேள்வியை மட்டும் பேச விரும்புகிறேன். வாஸ்ப்-39பி கோளின் கார்பன் டையாக்சைடை இன்று ஒருவரும் மறுக்கவில்லை. வெள்ளிக் கோளின் பாஸ்பீன் (பாஸ்பரஸும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு), செவ்வாயின் மீத்தேன், கே2-18பி கோளின் டைமெத்தில் சல்பைடு ஆகியவை ஆண்டுக்கணக்கில் விவாதத்திலேயே இருக்கின்றன. முறை ஒன்றாக இருக்கும்போது உறுதி ஏன் இத்தனை மாறுபடுகிறது? நிறமாலையில் உறிஞ்சல் கோடு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதை விட, அதே இடத்தில் அதே போலத் தோன்றக்கூடிய வேறு எவற்றையெல்லாம் விலக்கியிருக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. மருத்துவத் துறையினர் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிய ஆவல்.

பனிமூட்டம்:

நான் மயக்கவியல் மருத்துவர். நீங்கள் குறிப்பிட்ட கருவியின் முன்னால்தான் என் பணி நாள்கள் கழிகின்றன என்பதால், கோள்களைப் பற்றி அல்லாமல் அந்தக் கருவியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நோயாளியின் மூச்சுக்குழாயில் செயற்கைக் குழாயைச் செலுத்தியதும் நாங்கள் முதலில் பார்ப்பது திரையில் ஓடும் கார்பன் டையாக்சைடு அலையைத்தான். மூச்சு வெளியேறும்போது கோடு செங்குத்தாக ஏறும், சிறிது சாய்ந்த சமதளமாகச் செல்லும், உள்மூச்சின்போது சட்டென்று சுழியத்துக்கு இறங்கும். சமதளத்தின் இறுதியில் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருந்தால் இயல்பு. குழாய் தவறுதலாக உணவுக்குழாய்க்குள் போயிருந்தால் அந்த அலை வராது. சில நிமிடங்களுக்குள் கண்டுபிடிக்காவிட்டால் உயிரே போய்விடும் பிழை இது.

ஆனால் அலை வந்துவிட்டாலே குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருளில்லை. நோயாளி முன்னதாகச் சோடா கலந்த பானம் அருந்தியிருந்தால், குழாய் உணவுக்குழாயில் இருந்தாலும் இரைப்பையிலிருந்து வரும் கார்பன் டையாக்சைடு முதல் சில சுற்றுகளுக்கு அலை போலவே காட்டும். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தியபோது இரைப்பைக்குள் போன வெளிமூச்சும் அப்படிக் காட்டக்கூடும். அங்கே கருவி பொய் சொல்லவில்லை. இருக்கும் வாயுவைத்தான் அளக்கிறது. அந்த வாயு எங்கிருந்து வந்தது என்று நாம் முடிவு செய்வதுதான் தவறிவிடும். அதனால்தான் 2022இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், குறைந்தது ஏழு மூச்சுகளுக்கு அலை குறையாமல் நீடிக்க வேண்டும், ஒவ்வொரு மூச்சிலும் ஏறி இறங்க வேண்டும், அடித்தளத்தை விட 7.5 மில்லிமீட்டருக்கு மேல் எழ வேண்டும், நோயாளியின் நிலைக்கும் பொருந்தி வர வேண்டும் என்று வரையறுத்தது.

வைகைக்கரை அவர்கள் கூறிய "அதே இடத்தில் தோன்றும் வேறொன்று" எங்களுக்கு மிகவும் பழக்கமான சிக்கல். நாங்கள் மயக்கத்துக்குப் பயன்படுத்தும் நைட்ரஸ் ஆக்சைடு 4.5 மைக்ரோமீட்டர் அருகே உறிஞ்சும். அதாவது கார்பன் டையாக்சைடின் பக்கத்து வீட்டுக்காரர். அதற்கும் மேலாக, அதன் மூலக்கூறுகள் மோதுவதால் கார்பன் டையாக்சைடின் உறிஞ்சல் கோடுகளே அகன்றுவிடுகின்றன. திருத்தாவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். பழைய கருவிகளில் நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கப்படுகிறது என்று நாங்களே பொத்தானை அழுத்தித் தெரிவிக்க வேண்டியிருந்தது. இப்போதைய கருவிகள் அதையும் அளந்து தாமாகவே திருத்திக்கொள்கின்றன. கோளின் வளிமண்டலத்தில் கலந்திருக்கும் மற்ற வாயுக்களை முழுமையாக அறியாமல் இந்தத் திருத்தத்தை எப்படிச் செய்கிறார்கள் என்பதே என் கேள்வி.

தென்திசை:

நான் இரண்டு துறையையும் சேர்ந்தவன் அல்லன், வாசகன் மட்டுமே. மருத்துவர் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. 26 சிக்மா என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் வெள்ளிக் கோளில் பாஸ்பீன் கண்டதாக 2020இல் அறிவித்தவர்களும் 15 சிக்மா என்றுதானே சொன்னார்கள்?

வைகைக்கரை:

தென்திசை, மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். பனிமூட்டம் அவர்களின் கேள்விக்கும் வெள்ளிக் கோளின் கதையே விடையாக அமையும்.

2020 செப்டம்பர் 14 அன்று கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஜேன் கிரீவ்ஸ் தலைமையிலான குழு, வெள்ளியின் மேகப் பகுதியில் நூறு கோடியில் 20 பங்கு அளவுக்குப் பாஸ்பீன் இருப்பதாக அறிவித்தது. ஹவாயில் உள்ள ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியில் 2017இலும், சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கித் தொகுப்பில் 2019இலும் 266.94 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓர் உறிஞ்சல் கோட்டைக் கண்டிருந்தார்கள். வியாழனிலும் சனியிலும் பாஸ்பீன் உண்டு. அங்கே ஹைட்ரஜன் மிகுதி, அடியில் வெப்பமும் அழுத்தமும் மிகுதி என்பதால் அது இயல்பு. கார்பன் டையாக்சைடு நிறைந்த வெள்ளியில் அது தோன்றுவதற்கு அறியப்பட்ட வேதிவழி எதுவும் போதவில்லை. உயிரினச் செயல்பாடும் ஒரு வாய்ப்பு என்ற சொற்றொடரை உலகச் செய்திகள் பிடித்துக்கொண்டது அங்கிருந்துதான்.

அடுத்த சில மாதங்களில் நடந்ததைத்தான் நான் மாணவர்களுக்கு விரிவாகச் சொல்வேன். வெள்ளி மிகவும் பிரகாசமான கோள் என்பதால், கருவிக்குள் ஏற்படும் எதிரொலிகள் நிறமாலையில் அலை அலையான மேடுபள்ளங்களை உண்டாக்கும். கோட்டைக் காண வேண்டுமானால் முதலில் அந்த அலைகளை ஒரு கணிதச் சார்பால் பொருத்திக் கழிக்க வேண்டும். குழுவினர் பன்னிரண்டாம் படிப் பல்லுறுப்புக் கோவையைப் பயன்படுத்தியிருந்தார்கள். நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து அதே முறையில் கழித்துப் பார்த்தபோது, எந்த வாயுவுக்கும் தொடர்பில்லாத இடங்களிலும் அதே அளவு "உறுதி" கொண்ட போலிக் கோடுகள் முளைத்தன. அந்த 15 சிக்மாவின் உண்மை நிலை இதுதான். சிக்மா என்பது, இரைச்சல் நாம் கருதியபடியே இருக்குமானால் இந்தக் கோடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்பதை மட்டும் கூறும் எண். இரைச்சல் பற்றிய கருத்தே பிழையாக இருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இதற்கிடையே அல்மாவின் மூலத் தரவிலேயே அளவுத்திருத்தப் பிழை இருந்தது தெரியவந்தது. அதைச் சரிசெய்து கிரீவ்ஸ் குழுவே மீண்டும் கணக்கிட்டபோது, கோள் முழுவதற்குமான சராசரி நூறு கோடியில் 1 முதல் 4 பங்கு என்ற அளவுக்குக் குறைந்தது. பனிமூட்டம் அவர்களின் நைட்ரஸ் ஆக்சைடுக்கு இணையான பக்கத்து வீட்டுக்காரரும் இங்கே உண்டு: வெள்ளியில் ஏராளமாக இருக்கும் சல்ஃபர் டையாக்சைடுக்கும் ஏறத்தாழ அதே 266.94 கிகாஹெர்ட்ஸில் ஒரு கோடு இருக்கிறது. இரண்டு கோடுகளுக்கும் உள்ள இடைவெளி மிகவும் சிறியது என்பதால், கண்டது பாஸ்பீனா, மேகங்களுக்கு மேலே உள்ள சல்ஃபர் டையாக்சைடா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. 2021 நவம்பரில் விமானத்தில் பொருத்திய சோஃபியா தொலைநோக்கி, பாஸ்பீனின் வேறு கோடுகளைத் தேடியது. எதையும் காணவில்லை, இருந்தாலும் நூறு கோடியில் 0.8 பங்குக்கு மேல் இருக்க முடியாது என்று வரம்பு கட்டியது. நானறிந்தவரை இதுவே மிக வலுவான மறுப்பு, ஏனெனில் அது வேறொரு கருவி, வேறொரு கோடு.

வாஸ்ப்-39பி இதிலிருந்து வேறுபடுவது 26 என்ற எண்ணால் அன்று. அந்தப் பட்டை அகலமானது, அந்த இடத்தில் அந்த வடிவில் எழும் வேறு வாயு இல்லை, அத்தகைய சூடான வளிமண்டலத்தில் கார்பன் டையாக்சைடு இருக்கும் என்ற எதிர்பார்ப்பும் முன்பே இருந்தது. அதே நிறமாலையில் 4 மைக்ரோமீட்டர் அருகே எந்த மாதிரியிலும் இல்லாத ஒரு சிறு மேடும் தெரிந்தது. அதற்கு உடனே பெயர் சூட்டாமல், விளக்கம் இல்லை என்று மட்டும் எழுதிவைத்தார்கள். விண்மீன் ஒளியால் தூண்டப்படும் வேதிவினையில் உருவாகும் சல்ஃபர் டையாக்சைடு அது என்று பின்னர் காட்டப்பட்டது. அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

நெல்வாய்:

பாஸ்பீன் என்ற சொல்லைக் கண்டதும் எழுதத் தோன்றியது. அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். தானியக் கிடங்குகளில் பூச்சி வராமலிருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் ஈரம் பட்டதும் வெளியிடுவது இந்தப் பாஸ்பீனைத்தான். அதனால் ஏற்படும் நஞ்சேற்றம் இந்தியா முழுவதும் மருத்துவர்கள் அறிந்த ஒன்று. அதற்கு முறிமருந்து கிடையாது.

பாஸ்பீனைப் படுக்கையருகே கண்டறிய எளிய முறை ஒன்று இருக்கிறது. வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்த தாளை நோயாளியின் மூச்சுக்கு நேராகப் பிடித்தால், பாஸ்பீன் இருக்குமானால் தாள் கருக்கும். ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அந்தத் தாளைக் கருக்கச் செய்யும். எனவே ஈய அசிட்டேட்டில் நனைத்த இன்னொரு தாளையும் பக்கத்தில் பிடிப்பார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு இரண்டையும் கருக்கும். பாஸ்பீன் வெள்ளி நைட்ரேட் தாளை மட்டுமே கருக்கும். கந்தகச் சேர்மமா, பாஸ்பீனா என்ற அதே கேள்விக்கு, ஒன்றுக்கு மட்டும் வினைபுரியும் இரண்டாம் சோதனையைக் கொண்டு எத்தனையோ ஆண்டுகளாக நாங்கள் விடை கண்டு வருகிறோம். சோஃபியா செய்ததும் இரண்டாம் தாளைப் பிடித்ததற்கு நிகர் என்றே புரிந்துகொள்கிறேன்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் சோதனை பலன் தருவதற்குக் காரணம் தாள் மட்டும் அன்று. கிடங்கில் வேலை செய்தவர், மாத்திரைக் குப்பி கையில் இருந்தது, இரத்த அழுத்தம் எதற்கும் ஏறவில்லை என்ற பின்னணி எங்களிடம் இருக்கும். தாள் கருத்தால் எங்கள் ஐயம் உறுதிப்படுகிறது, அவ்வளவே. தெருவில் போகும் ஆயிரம் பேரின் மூச்சில் இதைப் பிடித்துப் பார்த்து, ஒருவரிடம் தாள் சற்றே கருத்தால், அவர் நஞ்சேற்றத்துக்கு உள்ளானவர் என்று நான் எழுத மாட்டேன்.

நள்ளிரவு வாசகி:

நெல்வாய் அவர்களின் கடைசிப் பத்தி, நான் ஆய்வு மாணவியாகப் பயின்ற புள்ளியியலின் சாரம். ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டுமே உள்ள ஒரு நோய்க்கு, நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஐவரை நோயாளி எனத் தவறாகக் காட்டும் சோதனையைச் செய்தால், ஏறத்தாழ ஐம்பது பேர் பொய்யாக மாட்டுவார்கள், உண்மையானவர் ஒருவரே. சோதனை 'ஆம்' என்று சொன்ன ஒருவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான்.

இதே கணக்கை 124 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கே2-18பி கோளுக்குப் போட்டுப் பாருங்கள். 2019இல் ஹபிள் தொலைநோக்கித் தரவிலிருந்து அங்கே நீராவி இருப்பதாக இரண்டு குழுக்கள் அறிவித்தன. ஹபிள் பார்த்த 1.4 மைக்ரோமீட்டர் பகுதியில் நீராவியும் மீத்தேனும் ஏறத்தாழ ஒரே இடத்தில் உறிஞ்சும். 2023இல் ஜேம்ஸ் வெப் அகன்ற அலைநீளப் பரப்பில் பார்த்தபோது கிடைத்தவை மீத்தேனும் கார்பன் டையாக்சைடும். நீராவிக்குத் தெளிவான தடம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரை மாற்றி அடையாளம் கண்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

அதன் பிறகு, 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, அதே கோளில் டைமெத்தில் சல்பைடோ, அதன் உறவுச் சேர்மமான டைமெத்தில் டைசல்பைடோ மூன்று சிக்மா அளவில் தெரிவதாக அறிவித்தது. பூமியில் டைமெத்தில் சல்பைடைப் பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்கள் உருவாக்குவதால், உயிர் இருக்கிறது என்று தலைப்புச் செய்திகள் எழுந்தன. மூன்று சிக்மா என்பதை "99.7 சதவீதம் உயிர் உண்டு" என்று எழுதிய செய்திகளைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. கோடு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருந்தால் அது இந்த மூலக்கூறா என்பது வேறு கேள்வி. மூலக்கூறு இருந்தால் அதை உயிர்தான் உருவாக்கியதா என்பது மூன்றாவது. மூன்று சிக்மா முதல் கேள்விக்கு மட்டுமே, அதுவும் அரைகுறையாக விடை தருகிறது. வேறு குழுக்கள் அதே தரவை வேறு மாதிரிகளால் ஆராய்ந்தபோது அந்த உறுதியும் கரைந்தது. மேலும், 67பி என்ற வால்விண்மீனில், உயிருக்கு வாய்ப்பே இல்லாத இடத்தில், இந்தச் சேர்மத்தின் தடம் 2024இல் அறிவிக்கப்பட்டது. ஆய்வகத்தில் புற ஊதாக் கதிரால் உயிரின்றியே இதை உண்டாக்கியும் காட்டியிருக்கிறார்கள்.

பனிமூட்டம்:

டைமெத்தில் சல்பைடு எங்களுக்கும் அந்நியமன்று. கல்லீரல் மிக மோசமாகக் கெட்டவர்களின் மூச்சில் ஒருவித இனிப்புக் கலந்த அழுகல் வாடை வரும்; அந்த வாடைக்கு முதன்மைக் காரணம் இந்தச் சேர்மமே. அந்த நோயாளியின் அறைக்குள் நுழைந்ததுமே மூக்கு சொல்லிவிடும். ஆயினும் வாடையை மட்டும் வைத்து எவரும் கல்லீரல் செயலிழப்பு என்று எழுதுவதில்லை. கண் மஞ்சள், வயிற்று நீர், இரத்தப் பரிசோதனை ஆகியவை சேர வேண்டும். ஒரே மூலக்கூறு நமக்கு நோயின் அடையாளம், கடலில் உயிரின் அடையாளம், வால்விண்மீனில் இரண்டுமில்லை.

நம்பிக்கை தரும் எடுத்துக்காட்டு ஒன்றும் சேர்க்கிறேன். இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்கான யூரியா மூச்சுச் சோதனையில், கார்பன்-13 (சற்று எடை கூடிய கார்பன் வகை) கலந்த யூரியாவைக் குடிக்கக் கொடுக்கிறோம். கிருமியின் நொதி அதை உடைத்தால் கார்பன்-13 கொண்ட கார்பன் டையாக்சைடு மூச்சில் வரும். குடிப்பதற்கு முன் ஒரு மாதிரி, சுமார் அரைமணி கழித்து இன்னொரு மாதிரி. இரண்டின் வேறுபாடுதான் முடிவு. நோயாளி தன் இயல்புக்குத் தானே ஒப்பீடாக இருப்பதால் பல பிழைகள் தாமே அடிபட்டுப் போகின்றன. அதிலும்கூட, அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் முன்னும், கிருமிக்கொல்லி மருந்தை நான்கு வாரம் முன்னும் நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும்.

வைகைக்கரை:

மிக்க நன்றி, டாக்டர். கோள் கடப்பதற்கு முன்னும் கடக்கும்போதும் விண்மீனின் ஒளியை ஒப்பிடுவதும் இதே "முன், பின்" கழித்தல்தான். ஆனால் நோயாளி இரண்டு மாதிரிக்கும் நடுவே அசையாமல் அமர்ந்திருப்பார். விண்மீனின் முகத்தில் கரும்புள்ளிகள் இருந்தால் அந்த ஒப்பீடே குலைந்துவிடும்.

கார்பன்-13 பற்றிய உங்கள் குறிப்புக்கு நேரடி உறவினர் செவ்வாயில் இருக்கிறார். கியூரியாசிட்டி ஊர்தியின் லேசர் நிறமாலைமானி, செவ்வாயின் கார்பன் டையாக்சைடில் கார்பன்-13 பூமியின் தர அளவை விட ஆயிரத்துக்கு ஏறத்தாழ 46 பங்கு மிகுந்திருப்பதை 2013இல் காட்டியது. எடை குறைந்த கார்பன் காலப்போக்கில் விண்வெளிக்குத் தப்பியதன் அடையாளம் அது. எவரும் மறுக்காத முடிவு. அதே கருவி மீத்தேனை அளந்தபோது கதை வேறு. நூறு கோடியில் 0.4 பங்கு என்ற பின்னணி, 2019 ஜூனில் திடீரென 21 பங்கு, சில நாள்களில் மீண்டும் ஒன்றுக்கும் கீழ். மேலே சுற்றிவரும் ஐரோப்பிய விண்கலமோ 0.05 பங்குக்கு மேல் இல்லை என்கிறது. ஊர்தி பெரும்பாலும் இரவில் அளந்தது, விண்கலம் பகலொளியில் அளந்தது என்பது ஒரு விளக்கம். ஊர்தியின் கருவிக்குள்ளேயே பூமியிலிருந்து சென்ற மீத்தேன் ஓர் அறையில் இருந்தது என்பதை நினைவூட்டி, அங்கிருந்து கசிந்திருக்கலாம் என்று ஐயம் கொள்பவர்களும் உண்டு. சோடா குடித்த இரைப்பையின் நிலைதான்: வாயு உண்மை, அதன் இருப்பிடம் உறுதியில்லை.

தென்திசை:

அப்படியானால் 2020இல் வெள்ளி பற்றிய கட்டுரையை வெளியிட்டிருக்கவே கூடாதா?

வைகைக்கரை:

நான் அப்படிக் கருதவில்லை. வெளியிட்டதால்தான் அல்மாவின் அளவுத்திருத்தப் பிழை வெளிப்பட்டது. பல குழுக்கள் அந்தத் தரவைத் திறந்து பார்த்திராவிட்டால், அதே பிழை வேறு கோள்களின் அளவீடுகளிலும் இருந்துகொண்டிருக்கும். நான் குறைகாண்பது, பாஸ்பீனின் இரண்டாவது கோடு ஒன்றைத் தேடிப் பார்க்கும் முன்பே உயிர் என்ற சொல் ஊடகங்கள் வரை சென்றதை மட்டுமே. 2030களின் தொடக்கத்தில் புறப்படவுள்ள நாசாவின் டாவின்சி கலத்திலிருந்து ஓர் ஆய்வுக்கோளம், நிறை நிறமாலைமானியும் லேசர் நிறமாலைமானியும் சுமந்து வெள்ளியின் மேகங்கள் வழியே தரை வரை இறங்கும். தொலைவிலிருந்து கோட்டைப் பார்ப்பதற்குப் பதில், அந்தக் காற்றையே உள்ளிழுத்து மூலக்கூறுகளை நிறுக்கும். கந்தக வாயுக்கள் எந்த உயரத்தில் எவ்வளவு என்பது அப்போது தெரிந்துவிடும். சல்ஃபர் டையாக்சைடின் அந்தக் கணக்கு கையில் கிடைத்ததும், 2017ஆம் ஆண்டுத் தரவையும் 2019ஆம் ஆண்டுத் தரவையும் மீண்டும் எடுத்து, 266.94 கிகாஹெர்ட்ஸில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.